ஆவணியில் நிறைந்த குளம்

வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர் பொன்னம்பலத்துக்குத் தன்னிடம் ஒன்று இல்லை என்று சொல்ல வாய் வராது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரவல் வாங்கிய கதிரைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் குணம் வீட்டோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

அவர் ஊர்க் குளத்துச் சங்கத் தலைவர். சுவிஸில் இருக்கும் பார்த்தீபன், செத்துப்போன தகப்பனின் நினைவாகக் குளத்தைத் தூர்வாரக் காசு அனுப்பினான். மாரி மழையைக் குளம் பிடித்து நிலத்துக்குள் இறக்கும். சுற்றியுள்ள கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறும். கோடையில் குளம் வற்றும். வற்றத்தான் வேண்டும். பொன்னம்பலத்துக்கு இது தெரியாததல்ல.

ஆனால் வெளிநாட்டுக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்கு, கொளுத்தும் ஆவணியில்தானே வருவார்கள். பார்த்தீபனும் வருகிறேன் என்றான். வெடித்துக் கிடந்த குளத்தைப் பார்க்கப் பார்க்கப் பொன்னம்பலத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. காசு தந்தவனுக்குப் புழுதியையா காட்டுவது? தன் கிணற்றில் பம்பை வைத்து இறைத்துக் குளத்தில் விட்டார். கிணறு அடி கண்டதும், குளக்கரையில் கத்தரி வைத்திருந்த உதயகலாவிடம் போனார். அண்ணை கேட்கிறாரே என்று அவளும் தன் கிணற்றை இறைக்க விட்டுவிட்டாள். ஊற்ற ஊற்ற மண் குடித்தது. குளம் தன் வேலையைச் செய்தது. மனிதருக்குத்தான் புத்தி கெட்டிருந்தது. ஒருவழியாகக் குளத்தில் தண்ணீர் நின்றபோது, இறைத்த இறைப்பில் நல்ல தண்ணீர் போய் உதயகலாவின் கிணற்றில் உவர் ஏறியிருந்தது. கத்தரி இலைகள் ஓரம் கருகத் தொடங்கின.

பார்த்தீபன் வந்தான். கரையில் நின்று படம் எடுத்தான். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"பாருங்கோ அண்ணை, ஒழுங்காத் தூர்வாரினா ஆவணியிலையும் தண்ணி நிக்குது. நாளைக்கு அதிகாரிமாரைச் சந்திக்கிறன். இந்தப் படத்தைக் காட்டி, கோடையிலை வத்துற குளங்களுக்கு இனிக் காசு ஒதுக்கவேண்டாம் எண்டு சொல்லப் போறன். எங்கடை அறக்கட்டளையும் அப்பிடித்தான் குடுக்கும்."

பொன்னம்பலம் "ஓம்" என்றார்.

உதயகலா இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பார்த்தீபன் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"குறை நினைக்காதேங்கோ, தம்பி," என்றாள் அவள் கூசிப்போய். "கிணறு உவராப் போச்சுது. தெரியாமலிருக்கச் சீனி கூடத்தான் போட்டனான்."

தப்புச் செய்தவர் நிமிர்ந்து நிற்க, தண்ணீரைக் கொடுத்தவள் மன்னிப்புக் கேட்டாள். பொன்னம்பலத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தம்பி, உது மழைத்தண்ணியில்லை. என்ரை கிணத்தையும் உதயகலாவின்ரை கிணத்தையும் இறைச்சு நான்தான் விட்டனான். கோடையிலை குளம் வத்தத்தான் வேணும்; ஆனா வெறுங்குளத்தை உங்களுக்குக் காட்ட வெக்கமாக் கிடந்தது."

பார்த்தீபன் கைபேசியைப் பார்த்தான். பிறகு குளத்தைப் பார்த்தான்.

"நான் ஒரு மாரிக்கும் இஞ்சை வந்து நிண்டதில்லை, அண்ணை," என்றான். குரல் இறங்கியிருந்தது. "தெரியாமல்தான் நாளைக்குக் கதைக்கப் போயிருப்பன்."

உதயகலா கோப்பைகளை எடுக்கக் குனிந்தாள். "விடுங்கோ அண்ணை, குடிக்கேலாது. நான் ஊத்திவிடுறன்."

பொன்னம்பலம் தன் கோப்பையை விடவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் அடிவரை குடித்தார்.