மரியாதைக்கு இறக்கிய ஷட்டர்

திண்டுக்கல் பேகம்பூரில் வாட்டர் வாஷ் ஸ்டான்லி என்றால் சின்னப்பிள்ளைகூட கடைக்கு வழி சொல்லும். கரண்ட் போய் மற்ற சர்வீஸ் கடைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், அவர் மட்டும் பெட்ரோல் மிஷினின் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்துக் கிளப்பி, நிலக்கோட்டைப் பூ வேனையும் ரெட்டியார்சத்திரத்து டிராக்டரையும் பளபளவென்று கழுவி அனுப்புவார்.

அந்த மிஷினுக்கு அவர் செய்த சவரட்சணை இருக்கிறதே, மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை அமுக்கி, குழாயில் நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றாமல் ஒரு இணைப்பைக்கூடக் கழற்ற மாட்டார். ஆயில் கறுத்தால் அன்றைக்கே மாற்றிவிடுவார். சூடு ஆறாத இன்ஜினில் பெட்ரோல் ஊற்றவே மாட்டார். பெட்ரோல் கேனை அடுப்படிப் பக்கம் யாராவது கொண்டுவந்தால் தொலைந்தார்கள்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இம்புட்டு அக்கறையா தொட்டுப் பாக்கலையே" என்பாள் பெண்டாட்டி ஜெஸ்ஸி.

"நீ கோவிச்சா ரெண்டு நாள்ல சரியாயிருவ புள்ள. இது கோவிச்சா கார்புரேட்டரைக் கழட்டணும்ல."

எல்லாம் தெரிந்த மனுசனுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று பாருங்கள். தீக்குப் பயந்தார். புகையை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. திருப்பூரில் மகளுக்குப் பேறுகாலம். பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், மறுநாள் இவர்கள்தான் அங்கே போவதாக இருந்தது. ஒரு மாதம் மிஷின் சும்மா கிடக்கும். உள்ளே பெட்ரோலோடு விட்டால் அது கெட்டுப் பிசினாகி கார்புரேட்டரை அடைத்துவிடும். பூட்டிய கடையில் தீப்பிடித்தால் கேட்க நாதியில்லை. அதனால் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டுத்தான் ஓரம்கட்டுவார். எப்போதும் அதைக் கடைவாசலில் வைத்துத்தான் செய்வார்.

அன்று மத்தியானம் எதிர்வீட்டுக் கமர்ஜஹானைப் பெற்ற அத்தா தவறிவிட்டார். தெருவே அமைதியாகிவிட்டது.

"நீ போய் அந்தப் புள்ள கூட இரு. நான் மிஷினை முடிச்சுட்டு, குளிச்சுட்டு வாரேன். மய்யித்து வீட்டுக்கு நேரா வச்சு டர்ருபுர்ருன்னு ஓட்டுனா நல்லாவா இருக்கும்? உள்ள வச்சு ஷட்டரை இறக்கிக்கிறேன்" என்றார் ஸ்டான்லி.

ஜெஸ்ஸி சரியென்று தலையாட்டினாள். நல்ல மனுசன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேதான் தெருவைக் கடந்தாள்.

வாசலோரம் கமர்ஜஹானின் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஷட்டருக்குப் பின்னாலிருந்து இன்ஜின் சத்தம் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு தடவை திக்கி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது, இனி ஷட்டரைத் தூக்குவார் என்று கடைவாசலைப் பார்த்தாள். ஷட்டர் தூக்கப்படவில்லை.

சூடு ஆறட்டும் என்று காத்திருப்பாராயிருக்கும். ஆனாலும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கையை ஊன்றினாள். அந்நேரம் பார்த்து துஆ ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் பெண்கள் கையேந்தி உட்கார்ந்திருக்க, வேற்று மதத்துக்காரி நடுவில் எழுந்து போனால் என்ன நினைப்பார்கள்? ஊன்றிய கையை எடுத்துக்கொண்டாள். கண் மட்டும் அந்த ஷட்டரிலேயே இருந்தது. துஆ நீண்டுகொண்டே போனது. கடைசி ஆமீன் சொல்லி முடித்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

ஷட்டரைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. ஸ்டான்லி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் நல்ல சிவப்பாக, அசந்து தூங்குகிறவரைப் போலத்தான் இருந்தார்.

"ஏங்க. ஏங்க, எந்திரிங்க."

தோளைத் தொட்டதும் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆண்கள் மய்யித்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தூக்கி வெளிக்காற்றில் போட்டார்கள், நெஞ்சை அமுக்கினார்கள், ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"அடைச்ச ரூம்ல இன்ஜின் ஓடுச்சாம்மா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத விஷவாயு ஒன்று உண்டு, தலை கிறுகிறுத்து எழுந்து போக நினைப்பதற்குள் காலை வாரிவிடும் என்றார். "கொஞ்சம் முன்னாடியே வெளிய தூக்கியிருந்தா..." என்று தொடங்கியவர், ஜெஸ்ஸியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கடைவாசலில் ஸ்டான்லியைக் கிடத்தியிருந்தார்கள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அத்தாவின் அடக்கம் முடிந்த கையோடு கமர்ஜஹான் வந்து, ஜெஸ்ஸியின் மடியில் விழுந்து அழுதாள்.

"எங்களுக்குப் பழகுன சத்தந்தானேக்கா அது? தெனம் கேக்குறதுதானே? எங்களுக்காகவாக்கா அண்ணன் ஷட்டரைப் போட்டாரு? வாசல்லயே ஓட்டியிருக்கலாமேக்கா."

ஜெஸ்ஸி அவள் தலையைத் தடவினாள். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேனே பாவி என்பதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் தாங்குவாளா?

அப்போது பைக்கில் தெருமுனை திரும்பிய ஒருவர், துக்க வீட்டைக் கண்டதும் வண்டியை அணைத்தார். இறங்கி, தலையைக் குனிந்தபடி சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார். நம்மூர் வழக்கம்தானே. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

ஜெஸ்ஸி மட்டும் விருட்டென்று எழுந்தாள்.

"ஏறி ஓட்டுய்யா! எதுக்கு அணைச்ச? ஓட்டு! உன் மரியாதைய இங்க யாருய்யா கேட்டா?"

அந்த ஆள் வண்டியைப் பிடித்தபடி நின்றார். நாலு பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் திமிறிக்கொண்டு, "ஓட்டுய்யா, சத்தமா ஓட்டு" என்று கத்தினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கிக்கரை உதைத்தார். இன்ஜின் படபடவென்று உயிர்பிடித்தது. பிறகுதான் ஜெஸ்ஸி அழத் தொடங்கினாள்.