நர்சம்மா கொடுத்த இணைப்பு

இணையதளம் ஒன்றில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் ஜெயக்கொடிக்கு முகம் மலர்ந்துவிடும். "தப்பு இருந்தா மனுஷன் எழுதுனதுன்னு அர்த்தம் சார். மெஷின் எழுதுனது ஆயிரம் கெடக்குது, காலணா பெறாது."

செஞ்சி கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடி. அங்கே வேலை பார்க்கும் ஜெயக்கொடி தாவரவியல் எம்.எஸ்சி. படித்த பெண். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்காக 'பேக்லிங்க்' தேடுகிறார். நல்ல பெயருள்ள இணையதளம் ஒன்று உங்கள் தளத்துக்கு இணைப்பு கொடுத்தால், தேடுபவர்களுக்குக் கூகுள் உங்களை முன்னால் காட்டும். "பொண்ணு கேக்கப் போனா, பையன் நல்லவன்னு ஊர்ல ஒருத்தர் சொல்லணும்ல? அதான் இது." இணைப்புக் கேட்டு, ஒரு நாளைக்கு அறுபது தளக்காரர்களுக்குக் கடிதம் போடுகிறார். பதில் இரண்டு வரும். அதில் ஒன்று வசவு.

போன வருஷம் ஒரு தளம் அகப்பட்டது. அனந்தபுரத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் சுந்தராம்பாள், பாம்புக்கடி முதலுதவி பற்றி எழுதிவந்தது. 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லே இடத்துக்கு ஒரு எழுத்தாக இருந்தது. ஜெயக்கொடி பஸ் ஏறி நேரிலேயே போனார். கம்பெனித் தளத்தில் இருந்த, விஷமுறிவு ஊசி கிடைக்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலைக் காட்டி, அதற்கு இணைப்புக் கேட்டார். "நல்ல காரியந்தானேம்மா" என்று நர்சம்மா அன்றைக்கே போட்டுக் கொடுத்தார்.

நான்காம் மாதம் கம்பெனி அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, அதே பக்கத்தில் பாம்புக்கடிக்கு வேர்த்தைலம் விற்றது.

மேல்மலையனூர்ப் பக்கம் கடலைக் கொல்லையில் பச்சைமுத்து என்ற விவசாயியைப் பாம்பு கடித்தது. நர்சம்மா காட்டிய இடமாயிற்றே என்று நம்பி, அவர் மனைவி, அந்தப் பக்கத்தில் போட்டிருந்த செஞ்சிக் கடைக்குத் தைலம் வாங்க ஆளனுப்பிக் காத்திருந்தார். மூன்று மணி நேரம். உயிர் தங்கியது, கால் தங்கவில்லை.

சுந்தராம்பாள் போனில் அழவில்லையாம். "நாப்பது வருஷமா, வேரு தழைன்னு அலையாதீங்க, ஊசி போடுங்கன்னு கத்துனேன். என் பேர வெச்சே வித்துட்டியேடி." அன்றே தளத்தை மூடிவிட்டார்.

"பக்கத்தை மாத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மாத்துவாங்கன்னு தெரியும். இன்னாவா மாத்துவாங்கன்னு கேக்கல. கேட்டா வேல இருக்குமா சார்?"

கம்பெனியிடமிருந்து வந்தது ஒரே வரி: 'இணைப்பு போய்விட்டது. மாற்று தேடவும்.'

"அப்புறம் நர்சம்மாவைப் போய்ப் பாத்தீங்களா?"

ஜெயக்கொடி கீபோர்டை அருகே இழுத்துக்கொண்டார். சீயமங்கலத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரின் தளம் திரையில் திறந்திருந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி நாலு வரி அடித்தார். கீழே ஜெயக்கொடி என்று தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பூங்குழலி என்று போட்டு அனுப்பினார்.