டச்சுக்காரர் நிலமும் சின்னத் தாத்தாவின் இலையும்

இன்று காலை காஜா பேராங் கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கிள்ளான் ஊர்க்காரர்.

"நம்ம குடும்பம் எப்பக் கப்பல் ஏறி வந்துச்சு, டச்சுக்காரன் எவ்ளோ நிலம் கொடுத்தான்னு தேடிக்கிட்டு இருக்கேன் அண்ணே."

'நம்ம' என்றதுமே எனக்கு உறுத்தியது. நிலத்தின் விலை ஏறினால் சொந்தமும் முளைக்கும்.

நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா வருடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன எங்கள் சின்னத் தாத்தாவின் பேரனாம்.

"அவரு அப்பவே செத்துட்டாரே! வருஷா வருஷம் போகிக்கு மூத்தவங்களோட அவருக்கும் இலை போட்டுப் படைக்கிறோம்."

"தாத்தா போன மாசந்தான் தவறுனாரு அண்ணே."

கைப்பேசியில் தாத்தாவின் படத்தைக் காட்டினார். அப்படியே என் அப்பாவின் மூக்கு.

நிலப் பட்டாவான கிராண்டை நான் கண்ணில் காட்டவில்லை. போகிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். செத்தவராகச் சின்னத் தாத்தா சாப்பிடப்போகும் முதல் இலை அது.

பேரன் வருவது இலைக்கா, நிலத்துக்கா? நீங்களே சொல்லுங்கள்.