மார்த்தாவின் நாளில் களைகளைப் பேசியவன்

என் தம்பி கறிக்கடைக்காரன். இதைச் சொன்னால் கோயிலில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே முகங்கள்தான் எங்கள் கடை வாசலில் முண்டியடிக்கும். கல்லாவில் உட்காருவது நான் என்பதால் எந்த முகம் என்று எனக்குத் தெரியும்.

பூசையில் பீடத்தருகே நின்று வேத வாசகம் வாசிக்க வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. வாசிப்பவர்களைத் தேர்ந்தெடுப்பது கோயில் பெண்களின் மார்த்தா சபைத் தலைவி அம்மா. அவன் போய்க் கேட்டபோது மூக்கை விரலால் தொட்டுக்கொண்டே சொன்னார்:

"உங்க மேல கறி வாடை வருதே தம்பி. பீடத்துக்கிட்ட நின்னா நல்லா இருக்காது."

என் தம்பி கடையை மூடியதும் பலகையைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றி, இரண்டு சோப்பு மாற்றிக் குளிப்பவன். அந்த அம்மா பூசிக்கொண்டு வரும் சென்ட் வாடைக்கு முன்வரிசையே தும்மும். அதைச் சொல்ல ஆள் இல்லை.

புதிதாக வந்த ஃபாதர்தான் அவனுக்கு வழி விட்டார். "போன்ல வாடை வராதே" என்று சிரித்து, தினமும் காலையில் அன்றைய நற்செய்தியைப் பற்றிப் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களின் வாட்சப் குழுவில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார். அன்றிலிருந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உறுமல் கேட்கக் கூடாது என்று ஐஸ் பெட்டியையும் நிறுத்திவிட்டு, காலிக் கொக்கிகளுக்கு நடுவில் நின்று பேசிப் பதிவு செய்வான். ஒரு சொல் தடுக்கினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து பேசுவான்.

"இடுக்கமான வாசல்னா வேற ஒண்ணும் இல்லைங்க. எங்க கடை ஷட்டர் இப்ப இருக்கற மாதிரி. குனிஞ்சாத்தான் உள்ள வரலாம்" என்பான். பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கும் பழைய பஸ் டிரைவர், "உன் தம்பி குரல் வந்தப்புறம்தான் எனக்கு மாத்திரையே இறங்குது" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அன்று தம்பி நாள் முழுக்க விசிலடித்துக்கொண்டே கறி வெட்டினான். அவனுக்கென்று இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

அதற்கும் வந்தது வினை. ஒரு நாள் தலைவி அம்மா வாங்கிப்போன கறியைத் திருப்பிக் கொண்டுவந்து பலகையில் கொட்டினார்.

"கறி வாங்கினேனா, எலும்பு வாங்கினேனா?"

"எலும்பு இல்லாத ஆடு இன்னும் பொறக்கலையேம்மா" என்றான் தம்பி. கடையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் புனித மார்த்தாவின் நாள். சபைப் பெண்கள் ஒரே நிற உடையில் முன்வரிசையை அடைத்து உட்காரும் நாள். புனிதர்களின் சாதாரண நினைவு நாட்களில் பெரும்பாலும் அந்த வாரத்து நற்செய்தியே தொடரும். ஒரு சில புனிதர்களுக்கு மட்டும் தனி நற்செய்தி உண்டு, மார்த்தாவும் அதில் ஒருவர். நாள்காட்டியில் அதைச் சொல்லும் பொடி எழுத்தைத் தம்பி பார்க்கவில்லை. வாரத்து வாசகத்தையே எடுத்துப் பேசிவிட்டான். அது கோதுமை வயலில் முளைத்த களைகளின் உவமை.

"களையும் கோதுமையும் முளைக்கிறப்ப ஒண்ணு போலத்தான் இருக்கும். முன்வரிசையில உக்காந்தவங்கல்லாம் கோதுமை இல்ல, பின்னால நிக்கறவங்கல்லாம் களையும் இல்ல. பிரிக்கறது நம்ம வேலையே இல்ல. நானே களையா இருக்கலாம்."

கடைசி வரியை யார் கேட்டார்கள்? முன்வரிசை என்பதோடு காது அடைத்துப் போயிற்று. சாயங்காலமே கோயில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவையைக் கூட்டிவிட்டார்கள்.

போகும் வழியில் நான் சொன்னேன்: "எதை வேணாலும் படிக்கலாம்னு அடிச்சுச் சொல்லிடு. அதுங்களுக்கு என்ன தெரியும்?"

"பொய் சொல்லிட்டு நாளைக்குக் காலையில எந்த வாயால பேசுவேன்?" என்றான்.

கூட்டத்தில் தலைவி அம்மா எழுந்து நின்றார். "எலும்புக் கோபத்தைச் சபை மேல காட்டிட்டார் ஃபாதர். எங்க புனிதையை ஒதுக்கிட்டு எங்களைக் களைங்கறார். கத்தி பிடிக்கற கைக்கு வேதம் எதுக்கு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பேதுரு கூடத்தான் கத்தி எடுத்து ஒருத்தன் காதை வெட்டினார். மோட்சத்துச் சாவி அவர் கையிலதான் இருக்கு. அங்க போய் மூக்கைப் பொத்திக்குவீங்களா?"

"அக்கா, நீ உக்காரு" என்றான் தம்பி. பிறகு ஃபாதரைப் பார்த்துச் சொன்னான். "கோபத்துல செய்யல ஃபாதர். இன்னைக்குத் தனி நற்செய்தின்னு கவனிக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அதற்காகவே காத்திருந்தது போல அந்த அம்மா பிடித்துக்கொண்டார். "நாள்காட்டி பார்க்கவே தெரியாதவர்தான் நமக்குப் புத்தி சொல்றாரா?"

ஃபாதர் மேசையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். கடைசியில், "கொஞ்ச நாள் ஓய்வா இருங்க" என்றார். வாடையைப் பார்த்துச் சிரித்த மனிதருக்குச் சபையைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தச் சிரிப்பை நான் இனி நம்ப மாட்டேன்.

மறுநாள் முதல் தலைவி அம்மாவே பேசினார். ஏதோ புத்தகத்தைப் பார்த்து, மூச்சு விடும் இடம் தெரியாமல் வாசிப்பார். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. அன்றைய நற்செய்தி, சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்பது. ஏழு அல்ல, எழுபது தடவை ஏழு முறை என்பது பதில். இதற்கு அந்த அம்மா என்ன பேசுவார் என்று பங்கே போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியபின் கைகூப்பிய படத்தோடு அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "இன்று தொண்டை சரியில்லை."

நான் கல்லாவைத் தட்டிச் சிரித்தேன்.

"சிரிக்காதக்கா. இன்னைக்கு வாசகம் நமக்கும் சேர்த்துத்தான்" என்றான் தம்பி.

சனிக்கிழமை அந்த அம்மா கடைக்கு வந்தார். வேறு கடைக் கறி பிடிக்கவில்லையோ என்னவோ. என்னைப் பார்க்காமல், "அரைக் கிலோ" என்றார். தம்பி தொடையில் நல்ல பாகமாக வெட்டிக் கட்டினான். பிறகு நாலு எலும்பைத் தனியாகச் சுற்றி வைத்தான்.

"இது எதுக்கு?" என்றார் அவர், குரல் விறைத்து.

"தொண்டைக்குத்தாம்மா. சூப் வச்சுக் குடிங்க. இதை நிறுக்கல."

கிண்டலோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எனக்கே ஏமாற்றமாக இருந்தது. எலும்பை எடுத்துக்கொண்டார். ஒரு நன்றி கூடச் சொல்லாமல் படியிறங்கினார். குழுவில் இன்றைக்கும் அவர்தான் பேசுகிறார்.

தம்பி இப்போதும் விடியற்காலையில் ஷட்டரைப் பாதி இறக்கி ஐஸ் பெட்டியை நிறுத்துகிறான். பொடி எழுத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேசுகிறான். பதிவு இரண்டு பேருக்குப் போகிறது: டிரைவருக்கும் எனக்கும். மன்னிப்பதில் அவன் எழுபதைத் தாண்டியிருப்பான். எனக்கு முதல் தடவையே இன்னும் வரவில்லை.