துக்க வீட்டில் அவித்த முட்டை

தாத்தா இறந்த அன்று எங்கள் ஊர் அவரைப் பற்றிப் பேசியதைவிடப் பெரியம்மா அவித்த இரண்டு முட்டைகளைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

புதூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பாதான் தாத்தாவுக்கு மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். சில மாதங்களுக்கு முன் அவருக்குக் குடல் முறுக்கி அழுகிப்போய், மதுரையில் சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மிஞ்சியதைத் தைத்து அனுப்பியிருந்தார்கள். சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவதற்குள் வெளியேறிவிடும். மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்துவிட்டு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்; வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை வாய் வாயாகக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியம்மா அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

தாத்தா விடியற்காலையில் போனார். சென்னையிலிருந்து சின்னத்தை வந்து சேரச் சாயங்காலம் ஆகும். பிணம் எடுக்கும்வரை துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. கொள்ளி வைப்பவர் சாப்பிடவும் கூடாது; பிணத்தைக் குளிப்பாட்டக் கிணற்றுக்கு நடந்துபோய் நீர்மாலை எடுத்து வர வேண்டியவரும் அவர்தான்.

வெயில் ஏறிய நேரம், கொல்லைப்புறத்தில் புகை எழுந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா காய்ந்த பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். மேலே கஞ்சியும் முட்டையும்.

பெரியப்பாவுக்கு அக்காவான பெரியத்தை அவிழ்ந்த கூந்தலோடு வந்து நின்றார்.

“ஏட்டி, எங்க அய்யாவ இன்னும் தூக்கல. அதுக்குள்ள இங்கன முட்டையா அவிக்குத?”

“ஆமா மதினி. இவியளுக்கு மிச்சம் இருக்கது ஒரு முழம் குடலு. நாம நூறு பேரு சேந்து அழுதாலும் அது ரெண்டு முழம் ஆவாது.”

“பக்கத்து வீட்டுல கருப்பட்டிக் காப்பி போட்டுத் தாராவல்லா. அதக் குடிக்கட்டுமே.”

“அம்புட்டு இனிப்பு உள்ள போனா, உடம்புல இருக்க தண்ணியையும் இழுத்துக்கிட்டு வெளிய ஓடிரும். பெறவு நீர்மாலைக்கு அவியள நீங்கதான் இடுப்புல தூக்கிட்டுப் போவணும்.”

யாரோ களுக்கென்று சிரித்து, துக்க வீடு என்பது நினைவு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னோடு படிக்கிற பிள்ளைகளெல்லாம் வாசலில் நின்றிருந்தார்கள்.

பெரியப்பாவே மறுத்தார். “வேண்டாம்ட்டி. அய்யா அங்கன கெடக்காவ. எனக்கு எறங்காது.”

“எறங்கலன்னா நாளைக்கு இன்னொரு பாடை கட்டணும். வாயத் தொறங்க.”

அவர் கண்ணீரோடு மென்றார். சாயங்காலம்வரை இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. பெரியத்தை பதினாறாம் நாள்வரை பெரியம்மாவோடு பேசவில்லை. ஆனால் நீர்மாலைக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் சுவரைப் பார்த்து, “அவனுக்கு உப்புக் கஞ்சி எடுத்தாச்சா?” என்று கேட்டார். பெரியப்பா பகல் வெயிலின் சூடு தணியாத மண்ணில் வெறுங்காலோடு கிணற்றுக்குப் போய்க் குடத்தோடு திரும்பினார். சுடுகாட்டுக்கும் நடந்தே போய், நடந்தே வந்தார். அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார்.

இந்த மாதம் என் மகன் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனுக்கும் குடலில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். நெஞ்சில் செருகிய குழாய் வழியாக ரத்தத்துக்கே சத்து போகிறது. மிஞ்சிய குடல் பழகப் பழக அதைக் குறைப்பார்களாம். நேற்றுதான் முதல்முறையாகக் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். கரண்டியில் எடுத்த கஞ்சியைப் பயந்து பாதியாகக் குறைத்துத்தான் அவன் வாயருகே கொண்டுபோனேன். பெரியம்மாவும் அன்று உள்ளுக்குள் பயந்தாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். அத்தனை பேர் பார்க்க அவர் நிமிர்ந்து நின்றது மட்டும்தான் நினைவிருக்கிறது. யாருக்கும் பயப்படாத மனுஷி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று எல்லாம் முடிந்தபின் சம்பந்தி வீட்டுச் சோறு வந்தது. எல்லாரும் உட்கார்ந்தோம். பெரியம்மா மட்டும் தன் இலையை என் பக்கம் நகர்த்தி, “எனக்குப் பசிக்கல, நீ தின்னு” என்றார். காலையிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. ஆனாலும் அவர் சொன்னதை நான் நம்பினேன். இரண்டு இலைச் சோற்றையும் நானே சாப்பிட்டேன்.