பூட்டன் பெயரைச் சொல்லி நிறுத்திய கல்யாணம்

காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தபோது மழையில் நனைந்த ஒரு குடைதான் முதலில் தெரிந்தது. குடைக்குப் பின்னால் பெரியப்பா நின்றார். பம்பாயில் டிராம் ஓடுவது நின்றுபோன வருடம் அது. எங்கள் வீடு தாராவியில். நான் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்துபவன். வடாலாவில் ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

பெரியப்பா சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, நான்கு தலைமுறைப் பெயர்களை வரிசையாகச் சொன்னார்.

"ஒம் பூட்டனும் அவ பூட்டனும் கூடப்பொறந்த அண்ணந்தம்பி. அப்போ அவ ஒனக்குத் தங்கச்சி. தங்கச்சியக் கட்டுவியால?"

அப்பா இல்லாத எனக்கு அவர் சொல்தான் முடிவு. "பொண்ணு வீட்டுல நானே பக்குவமா சொல்லிக்கிடுதேன்" என்று கிளம்பினார். செய்தியில் ஒரு பெயர் வந்தால் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்க்கும் நான், அன்று யாரிடமும் கேட்கவில்லை.

மறுவருடம் ஈஸ்டர் முடிந்ததும் ஸ்டெல்லாவின் கல்யாண அழைப்பிதழ் வந்தது. மாப்பிள்ளை, பெரியப்பாவின் மகன் ஜெபராஜ். என் பூட்டன்தான் அவனுக்கும் பூட்டன்.

ஸ்டெல்லாவின் அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"எங்க பூட்டன் ஒத்தப் பிள்ளைலா! பொண்ணு பிடிக்கலைன்னு நீங்க சொன்னதா ஒங்க பெரியப்பா வந்து சொன்னாவளே, தம்பி" என்றார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசினால், இரண்டு வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் தலைமுறைக் கணக்குக் கேட்கிறேன். தம்பியின் கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

ஜெபராஜுக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒரு மகள். அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறாள்.