பூஜைக்கு முந்தைய தேதி

ஷிப்டு முடிந்ததும் பொற்கொடி கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் கவிப்ரியாவைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பரீட்சை இருந்ததால் பூஜை லீவுக்கும் அவள் வரவில்லை. இன்று சாயங்காலம் வரைதான் பெற்றோரைப் பார்க்க விடுவார்கள்.

ஓசூரில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் பெட்டிகளுக்கு லேபிள் அடித்து ஒட்டுவது பொற்கொடியின் வேலை. லேபிள் அடிக்கும் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் கம்ப்யூட்டர் பார்க்கும் தமிழரசன், புது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சின்னத் திரையில் பழைய விண்டோஸை ஓட விட்டிருந்தான். இரண்டுக்கும் மெமரி ஒன்று, டிஸ்க் ஒன்று. உள்ளே இருப்பதற்கு முழு மிஷினும் தன்னுடையது என்ற நினைப்பு. பொற்கொடி குடியிருக்கும் லைன் வீடும் அப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டால் தனி வீடு, தண்ணீரும் கரண்டும் ஓனர் கையில்.

ஆயுத பூஜைக்கு முன் தினம் மிஷின்களைத் துடைத்துக் குங்குமம் வைத்து எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பழைய விண்டோஸ் மறுபடி எழுந்திருக்க ரொம்ப நேரம் பிடிக்கும் என்று, பொற்கொடி அதை அணைக்காமல், ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே நிறுத்தி மட்டும் வைத்தாள். லீவு முடிந்து இன்று காலை தொடரச் சொன்னதும் அது விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பித்தது.

கடைசிப் பெட்டிக்கு ஒட்டும்போதுதான் தேதி கண்ணில் பட்டது. பூஜைக்கு முன் தினத்துத் தேதி. நிமிர்ந்து பார்த்தாள். வெளியே புது விண்டோஸின் மூலையில் இன்றைய தேதி சரியாக இருந்தது. தினமும் அதை மட்டும்தான் பார்த்திருந்தாள். உள்ளே இருந்ததற்கு இடையில் போன நாட்கள் தெரியவே இல்லை.

காலையிலிருந்து ஒட்டிய பெட்டிகள் அத்தனையும் லாரிக்குக் காத்திருந்தன. வாயைத் திறக்காமல் இருந்தால் பஸ் கிடைத்துவிடும். ஆனால் நாளைக்கு ஒரு கியர் உடைந்தால் லேபிள் தேதியை வைத்துத்தான் தேடுவார்கள். பூஜைக்கு முன் தினத்துச் சரக்கை நிறுத்திவிட்டு, உண்மையில் பழுதான இன்றைய சரக்கை ஓட விடுவார்கள். அவள் சூப்பர்வைசர் எல்லப்பனிடம் போய்ச் சொன்னாள்.

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். “கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சீங்களே, கண்ணு மேலயே வெச்சிட்டீங்களாக்கா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியை நிறுத்தி வைப்பதாகவும், எல்லாவற்றையும் மாற்றி ஒட்டிய பிறகுதான் யாரும் போக முடியும் என்றும் அவர் சொன்னார். தமிழரசனுக்குப் போன் போட்டுக் கேட்டு, உள்ளே இருந்த தேதியைப் பொற்கொடியே மாற்றினாள். பிறகு ஹாஸ்டல் வாட்ச்மேன் போனுக்குக் கூப்பிட்டு மகளிடம் பேசினாள்.

“இன்னிக்கு வர முடியாது போலடா.”

“ஹாஸ்டல் கேட்டாண்டதாம்மா நிக்கறேன்,” என்றாள் கவிப்ரியா. “சரி, உள்ள போறேன்.”

பொற்கொடி முதல் பெட்டியின் லேபிளை நகத்தால் கிளப்பினாள். பாதி கிழிந்து வந்தது, பாதி ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் தேய்த்தாள்.

லாரி கிளம்பியபோது வெயில் இறங்கிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, பழைய விண்டோஸை இந்தத் தடவை முழுசாக அணைக்கச் சொன்னாள். அது மெதுவாகத்தான் அடங்கியது. மகளைப் பார்க்க விடும் நேரம் தாண்டிவிட்டது; இனி ஓடிப் பிடிக்க வேண்டிய பஸ் எதுவும் இல்லை என்பதால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.